உறைபனிப் படமும் உள்பக்கச் செய்தியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உதகமண்டலத்தில் இருந்துகொண்டு தங்கள் நாளிதழை வாசித்துவருபவன் நான். ஆண்டுதோறும் நீர்ப்பனிக் காலம் முடிந்து உறைபனி விழத் தொடங்கியதும், தலைகுந்தாவின் புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடப்பதும், சாலையோரம் நிறுத்திய காரின் மேற்கூரையில் சுற்றுலாப் பயணி ஒருவர் விரலால் தம் பெயரை எழுதுவதும் முதல் பக்கத்தில் வண்ணப் படமாக வெளிவருகின்றன. 'குட்டி காஷ்மீர்' என்ற தலைப்பும் தவறாமல் உடன்வரும். அதே வாரங்களில் என்றேனும் ஒரு நாள், உள்பக்கத்தில், ஒற்றைப் பத்தியில் இன்னொரு செய்தியும் வருவதுண்டு. குளிர் தாங்காமல் அறைக்குள் கரி அடுப்பை மூட்டி வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்பதே அச்செய்தி. ஒரு முறை எங்கள் நீலகிரியில், இன்னொரு முறை கொடைக்கானலில் என்று ஊர் மட்டும் மாறும். முதல் பக்கத்துப் படத்தையும் உள்பக்கத்துச் செய்தியையும் சேர்த்து வாசிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லாததால், இக்கடிதத்தைச் சற்று நீளமாகவே எழுத நேர்ந்துவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் இயற்பியல் ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். சமவெளியில் பிறந்து வளர்ந்த எனக்கு 1983ஆம் ஆண்டு இந்த மலையில் வேலை கிடைத்தது. காந்தள் பகுதியில் வாடகைக்குக் கிடைத்த வீட்டுக்குக் கல் சுவரும் தகரக் கூரையும் இருந்தன. சுவரின் மேல்விளிம்புக்கும் தகரத்துக்கும் இடையே கை நுழையும் அளவுக்குச் சந்து ஓடியது. அதன் வழியே இரவெல்லாம் காற்று வந்துபோனது. முதல் குளிர்காலத்தில், ஊரார் செய்வதைப் பார்த்து நானும் ஒரு குமுட்டி அடுப்பு வாங்கினேன். சீகை மரக்கரியை வாசலில் வைத்து மூட்டி, புகை அடங்கிக் கங்கு சிவந்த பிறகு அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூங்கினோம். அந்த ஆண்டு எதுவும் நேரவில்லை. விடியற்காலையில் குளிர் மட்டும் எலும்பில் ஏறியது.

இரண்டாம் ஆண்டு மார்கழியில், கைக்குழந்தை இருந்ததால், சந்துகளை எல்லாம் அடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கோதுமைமாவில் பசை காய்ச்சி, பழைய செய்தித்தாள்களை நான்கு மடிப்பாக மடித்து, கூரைச் சந்திலும் ஜன்னல் சட்டங்களிலும் ஒட்டினேன். அவற்றில் பெரும்பாலானவை தங்கள் நாளிதழின் தாள்களே என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை திருத்தமாக அமைந்தது. அன்று இரவும் வழக்கம்போல் அடுப்பை உள்ளே வைத்தோம். நள்ளிரவுக்கு மேல் என் மனைவி தலைவலி என்றார். குழந்தை பால் கக்கியது. இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நான் நினைத்தேன். எழுந்து தண்ணீர் எடுக்கப் போனபோது என் கால்கள் என் சொல்லைக் கேட்கவில்லை. விழுந்த சத்தமும் குழந்தையின் அழுகையும் கேட்டு, பக்கத்து வீட்டு அம்மா வந்து கதவைத் தள்ளினார். தாழ்ப்பாள் சரியில்லாத கதவு என்பதால் அது திறந்துகொண்டது. "கரியை வெளியே தூக்குங்கப்பா!" என்று அவர் போட்ட சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. எரிதலைப் பற்றியும் ஆக்ஸிஜனைப் பற்றியும் அன்று பகலில்தான் எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திவிட்டு வந்திருந்தேன்.

முந்தைய ஆண்டு எங்களைக் காப்பாற்றியது, நான் மாதம் முழுவதும் சபித்துக்கொண்டிருந்த அந்தச் சந்துதான். நெருப்பு இருக்கும் அறையில் காற்று புகுந்து வெளியேறியாக வேண்டும். காற்று அப்படிப் போய்வரும் அறையில் சூடு தங்காது. ஆகவே, மூடிய அறைக்குள் புகைபோக்கி இல்லாத நெருப்பைக் கொண்டு குளிர் காய்வது என்பது, ஒன்று பயனில்லாத வேலையாக முடியும். இல்லையேல் உயிரைப் பறிக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான அளவு ஒன்று இருக்கும் என்று நம்பித்தான் ஆண்டுதோறும் சிலர் சாகிறார்கள்.

கரி எரியும்போது, போதிய ஆக்ஸிஜன் கிடைக்காத இடங்களில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையும் அது கரிக்காது. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்ஸிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்வதால், மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடலுக்கு ஆக்ஸிஜன் சேராமல் போகிறது. விறகுப் புகையாக இருந்தால் இருமி எழுந்து ஓடிவிடுவோம். நன்கு கனிந்த கரியில் புகை இல்லை; அதனால்தான் அது விறகைவிட நல்லது என்ற எண்ணம் வீடுகளில் நிலைத்துவிட்டது. தலைவலி, குமட்டல், அசதி, தூக்கக் கலக்கம் என்று வரும் அறிகுறிகளோ, மலை ஏறி வந்த களைப்பாகவும் சாப்பாட்டுக் கோளாறாகவும் தோன்றுபவை. ஒரே வீட்டில் ஒரே இரவில் எல்லோருக்கும் தலை வலித்தால், அது சாப்பாட்டுக் கோளாறு என்று எண்ணிப் படுத்துக் கிடக்கக் கூடாது. முதலில் அனைவரும் வெளியே வர வேண்டும். பிறகு 108க்கு அழைக்க வேண்டும். வெளியே வந்து சற்றுத் தெளிந்துவிட்டது என்று நின்றுவிடவும் கூடாது. இரத்தத்தில் ஏறிய வாயு வெறும் காற்றைச் சுவாசித்துப் பாதியாகக் குறையவே 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும், மருத்துவமனையில் ஆக்ஸிஜன் கொடுத்தால்தான் அது விரைவில் இறங்கும்.

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தால் விஷக் காற்றை அது இழுத்துக்கொள்ளும் என்று என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள். இந்த வாயு தண்ணீரில் கரைவதே அரிது. கங்கின் மேல் சாம்பலைப் போர்த்திவிட்டால் ஆபத்து இல்லை என்பார்கள். சாம்பலுக்கு அடியில் காற்றுக்கு ஏங்கிக் கனன்றுகொண்டிருக்கும் கரிதான் இந்த வாயுவை அதிகம் தருகிறது. சுற்றுலா வருபவர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. மாலையில் விடுதி முற்றத்தில் கரியை மூட்டி இறைச்சி வாட்டிச் சாப்பிட்டுவிட்டு, மிஞ்சிய தணலை வீணாக்குவானேன் என்று, சட்டியோடு அறைக்குள் எடுத்துப்போய் விடுகிறார்கள். அணைந்ததுபோல் தோன்றும் அந்தச் சட்டியில் இரவெல்லாம் எரிவதற்குக் கரி இருக்கும். குளியலறையில் மாட்டப்படும் கேஸ் கீசரையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும். குளிர் என்று குளியலறையின் காற்றுத் துவாரத்தை அட்டையால் அடைத்துவிட்டு அதைப் பயன்படுத்துவது, கரி அடுப்பு வைத்துத் தூங்குவதற்குச் சற்றும் குறைந்ததன்று.

அப்படியானால் குளிருக்கு என்னதான் செய்வது என்று மலையில் குடியிருப்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தங்கள் முதல் பக்கத்துப் படத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. உறைபனி இரவுகளில் மரத்தடியில் நிறுத்திய வண்டியின் கூரையில் பனி படிவதில்லை. திறந்த வெளியில் நிறுத்திய வண்டியின் கூரைதான் வெளுத்துப் போகிறது. மேகமில்லாத வானத்தை நோக்கியிருக்கும் எந்தப் பரப்பும் தன் வெப்பத்தை இரவெல்லாம் வானுக்கு வீசிக்கொண்டே இருக்கும்; சுற்றியுள்ள காற்றைவிடவும் அது குளிர்ந்துவிடும். அந்தக் காரின் கூரைக்கு நேர்வதுதான் எங்கள் வீடுகளின் தகரக் கூரைக்கும் நேர்கிறது. நடுநிசியில் தகரத்தின் அடிப்பக்கத்தில் நம் மூச்சுக்காற்றின் ஈரமே துளியாகத் திரண்டு படுக்கையில் சொட்டுவதை, தகர வீட்டில் இருந்தவர்கள் அனைவரும் அறிவார்கள். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று சொல்லிவைத்தவர்கள் குளிர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் வீடுகளில் பலவற்றுக்கு மச்சே கிடையாது; தலைக்கு மேல் நேராகத் தகரம், அல்லது ஆஸ்பெஸ்டாஸ் தகடு.

பன்னிரண்டடிக்குப் பத்தடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே வெளியைவிட 10 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டுமானால், வெறும் தகரக் கூரை வழியாக மட்டுமே ஏறத்தாழ 700 வாட் வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும். தகரத்துக்கு ஓரடி கீழே ஒரு சீலிங் அடித்து, அதன் மேல் தேங்காய்நார்ப் பலகையோ மடித்த கோணிகளோ பரப்பிவிட்டால் அந்த இழப்பு அதில் ஒரு சிறு பங்காகக் குறைந்துவிடும். அந்தக் காலத்து பங்களாக்களில் மரப்பலகை சீலிங் வைத்தது அழகுக்காக மட்டும் அன்று. தகரத்துக்கும் சீலிங்குக்கும் இடையில் உள்ள வெளிக்கு இரு பக்கமும் சிறிய காற்றுத் துவாரம் விட வேண்டும். இல்லையேல் அங்கே ஈரம் தேங்கிப் பலகை உளுத்துவிடும். மலிவு என்று தெர்மாகோலை வெறுமனே ஒட்டிவிடுவோர், அது தீப்பிடித்தால் பரவும் வேகத்தையும் அதன் புகையையும் நினைவில் கொள்ள வேண்டும். வாடகை வீட்டில் சீலிங் அடிக்க உரிமையாளர் இசையாவிட்டால், கட்டிலின் நான்கு கால்களிலும் கம்பு கட்டி மேற்கட்டியாக ஒரு கெட்டித் துணியை விரித்துக்கொள்ளலாம். பழங்கால அரண்மனைக் கட்டில்களின் விதானம் போல இருக்கிறதே என்று என் மாணவன் ஒருவன் சிரித்தான். அவ்வளவு எளிய துணிகூட, உறங்குபவரின் உடல் வெப்பம் நேராகக் குளிர்ந்த தகரத்துக்குப் போவதைத் தடுத்துவிடும்.

கூரைக்கு அடுத்தது கதவு. மூன்றடி அகலக் கதவின் அடியில் அரை அங்குல இடைவெளி இருந்தால், அது 18 சதுர அங்குலம். சுவரில் நான்கு அங்குலத்துக்கு நான்கு அங்குலமாக ஒரு ஓட்டை போட்டதற்குச் சமமானது, அதைவிடச் சற்றுப் பெரியதுமாகும். சுவரில் அப்படி ஒரு ஓட்டை இருந்தால் அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிடுவோம். கதவடியில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை. பழைய சேலையில் மணலோ மரத்தூளோ நிரப்பித் தைத்து, நீளமான திண்டாகக் கதவடியில் போட்டால் போதும். நெருப்பும் எரிவாயுவும் இல்லாத அறைக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதை, என் சொந்த அனுபவத்தை மேலே எழுதிவிட்ட பிறகு, மீண்டும் விளக்க வேண்டியதில்லை.

பலரும் தலைகீழாகச் செய்யும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குளிர்காலம் என்றாலே நாள் முழுவதும் ஜன்னலை அடைத்து வைக்கிறோம். ஆனால் உறைபனி விழும் நாட்கள் பெரும்பாலும் தெளிந்த வானமுள்ள நாட்கள். அத்தகைய நாளில் நண்பகல் வேளையில் உதகையில் வெளியே 20 டிகிரியை நெருங்கியிருக்கும்போது, கல் சுவர் வீட்டின் உள்ளே அதைவிட ஐந்தாறு டிகிரி குறைவாக இருப்பதை நான் வெப்பமானி வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்நேரம் குளிர் இருப்பது வெளியே அன்று, உள்ளேதான். டிசம்பர் மாதக் கடைசியில் நண்பகல் சூரியன் எங்களுக்குத் தென்வானில் ஏறத்தாழ 55 டிகிரி உயரத்தில் நிற்கிறது. தெற்குப் பார்த்த ஜன்னலின் திரையை விலக்கினால் வெயில் அறையின் தரைவரை வந்து விழும். காலை 11 மணி முதல் 3 மணி வரை திறந்துவைத்து வெயிலையும் உலர்ந்த காற்றையும் உள்ளே விட்டு, மலைக்குப் பின்னால் சூரியன் மறைவதற்கு முன்பே அடைத்துத் தடித்த திரையை இழுத்துவிட வேண்டும். கல் சுவர் மெதுவாகச் சூடாகும், மெதுவாகவே ஆறும்; பகலில் வாங்கியதை முன்னிரவு வரையிலாவது அது வைத்திருக்கும். ஈரத் துணியை அறைக்குள் கொடி கட்டி உலர்த்தும் வழக்கத்தையும் கைவிட்டால், சுவரில் கரும்பூஞ்சை பிடிப்பதும் குறையும்.

மின்சார ஹீட்டரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2,000 வாட் ஹீட்டர் இரவுக்கு 4 மணி நேரம் ஓடினால் 8 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கில் அது மட்டுமே 480 யூனிட். அளவு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் நம் கட்டண முறையில், தேயிலை பறிக்கும் குடும்பம் ஒன்று அதைத் தாங்குமா என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். சீலிங் இல்லாத தகர வீட்டில் அந்த 8 யூனிட்டும் வானத்துக்கே போகிறது. மாறாக, இரண்டு லிட்டர் தண்ணீரை 15 டிகிரியில் இருந்து 65 டிகிரிக்குக் கொண்டுவர ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு போதும். அதை ரப்பர் வெந்நீர்ப் பையில் ஊற்றி, துணியில் சுற்றி, படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே கம்பளிக்குள் வைத்துவிட்டால், அறை எப்படி இருந்தாலும் படுக்கை சூடாக இருக்கும். கொதிக்கும் நீரை ஊற்றக் கூடாது. எங்கள் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பது வேறு விஷயம். அந்தச் சூடும் தோலைப் பொசுக்கப் போதுமானதே. கம்பளியை மேலே மட்டும் அடுக்கிக்கொள்வதும் போதாது. சிமெண்ட் தரையில் படுப்பவர்கள் பாய்க்கு அடியில் கோணியும், பாய்க்கு மேல் ஒரு கம்பளியும் விரித்துக்கொண்டால்தான் மேலே போர்த்தியதற்குப் பலன் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதலில், குளிர் காலத்தில் வீட்டின் உள்வெப்பம் 18 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நலம் என்று கூறுகிறது. எங்கள் மாவட்டத்தில் தகரக் கூரை வீடுகளில் மார்கழி விடியற்காலை அந்த அளவுக்குப் பக்கத்திலும் வருவதில்லை. இரத்த அழுத்தம் உள்ள முதியவர்களுக்கும் இளைப்பு நோயாளிகளுக்கும் இது வெறும் அசௌகரியமாக முடிவதில்லை. இந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள், தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சிறிய வாசலும், தரைவரை இறங்கும் தடித்த புல்வேய்ந்த வளைகூரையுமாகத் தம் பழைய குடில்களைக் கட்டினார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் ஒவ்வொரு அறைக்கும் கணப்பும் புகைபோக்கியும் வைத்து, எரிப்பதற்கென்றே சீகையையும், கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸையும் மலையெங்கும் நட்டார்கள். இவர்கள் இருவருக்கும் குளிர் தெரிந்திருந்தது. இன்று மலையில் எழும் குடியிருப்புகள் பலவற்றைப் பார்க்கும்போது, திருச்சியிலோ திருநெல்வேலியிலோ வெயிலுக்காக வரைந்த வரைபடத்தை அப்படியே மேலே ஏற்றிக்கொண்டு வந்தது போலவே எனக்குத் தோன்றுகிறது: வெறும் கான்கிரீட் தளம், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், காற்றோட்டத்துக்காகக் கதவுக்கு மேல் மூட முடியாத சிமெண்ட் ஜாலி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்து, அவற்றில் குளிர் மண்டலம் என்று ஒன்றையும் வைத்திருக்கிறது. அரசு உதவியோடு மலையில் கட்டப்படும் வீடுகளுக்காவது சீலிங்குக்கென்று தனியே ஒரு தொகை ஒதுக்கி, ஜாலிக்குப் பதிலாகத் திறந்து மூடும் பலகை வைக்க வரைபடத்தில் இடமளித்தால், கரி அடுப்பின் தேவையே பெரும்பாலும் இல்லாமல் போகும். இதைத் தங்கள் நாளிதழ் தலையங்கமாகவே எழுத வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

விடுதி நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விருந்தினர் குளிர் என்று கேட்டால் கூடுதலாக ஒரு கம்பளியும் வெந்நீர்ப் பையும் கொடுங்கள். முற்றத்தில் கரி மூட்ட அனுமதித்தால், அந்தச் சட்டியை நீங்களே திரும்ப எடுத்துச் சென்று தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள். கார்பன் மோனாக்ஸைடைக் கண்டு ஒலி எழுப்பும் சிறு கருவிகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. கேஸ் கீசர் உள்ள அறைகளிலாவது அவற்றைப் பொருத்தலாம்.

என் பழைய வீட்டுக்கு இரண்டாண்டுகள் கழித்து உரிமையாளர் சீலிங் அடித்துக் கொடுத்தார். என் கையால் ஒட்டிய தாள்களைத் தச்சர் கிழித்தபோது, நடுவில் ஒன்றில் உறைபனிப் படம் இருந்தது. அடுத்த மாதம் அத்தகைய படம் மீண்டும் வரும். அதற்குக் கீழே, படத்தின் அளவுக்குக்கூட வேண்டாம், இரண்டு வரி மட்டும் இடம் ஒதுக்கி, "இன்றிரவு உறைபனி விழக்கூடும், கரி அடுப்பையோ தணல் சட்டியையோ அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள்" என்று தை மாதம் முடியும்வரை நாள்தோறும் அச்சிட்டு உதவுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
உதகமண்டலம்.